இருப்புப்பாதை நடைபாதையான வரலாறு: புக்கிட் தீமாவில் ஒரு நடைப்பாடம்

இயற்கையைக் காண விரும்புவோர் காட்டுக்குச் செல்ல வேண்டும். தொழில் வரலாற்றை அறிய விரும்புவோர் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். இவ்விரண்டையும் ஒரே காலைப்பொழுதில், மலையேற்றப் பழக்கமோ சிறப்புக் கருவிகளோ இன்றி, நடந்தே கண்டுவரத்தக்க பாதைகள் நம் வட்டாரத்தில் உள்ளன. அவற்றுள் மாணவர்க்கு மிகவும் ஏற்றதென நாம் கருதுவது, சிங்கப்பூரின் பழைய மலாயா இரயில் தடத்தின் புக்கிட் தீமாப் பகுதியாகும். ஆங்கிலத்தில் 'ரயில் காரிடார்' என வழங்கும் இதனை, இக்கட்டுரையில் 'இரயில்தடம்' என்றே குறிப்போம்.

இப்பாதையைப் பற்றி ஒரு மொழி மன்றத்தின் வெளியீட்டில் பேசுவானேன் என்னும் ஐயம் எழலாம். இத்தடத்தில் கல் சுமந்தவர்களிலும், கட்டை அடுக்கியவர்களிலும், கொடி காட்டியவர்களிலும், கணக்கு எழுதியவர்களிலும் தமிழர் பலர். அவர்கள் தம் தொழிலைத் தமிழில் பேசினர். தண்டவாளம் அகற்றப்பட்டது; அவர்கள் ஆண்ட சொற்களும் அவ்வாறே அகன்றுவிடாமல் காப்பது நம் கையில் உள்ளது. இதுவே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளின் அடிப்படை.

பாதை பிறந்த வரலாறு

சிங்கப்பூரில் இரயில் போக்குவரத்து 1903ஆம் ஆண்டு தொடங்கிற்று. நகரத்தின் டேங்க் ரோடு நிலையத்திலிருந்து புக்கிட் தீமா வரையிலான பகுதி முதலில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாதை உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அப்போது ஜோகூர் நீரிணையைக் கடக்கப் பாலமில்லை. பயணிகள் படகேறி அக்கரைக்குச் சென்று, அங்கே வேறு வண்டி பிடித்தனர்.

நீரிணையின் குறுக்கே கற்களைக் கொட்டி அமைத்த தரைப்பாலத்தின் வழியே 1923ஆம் ஆண்டில் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதன்பின் தீபகற்பத்தின் தோட்டங்களும் சுரங்கங்களும் சிங்கப்பூர்த் துறைமுகத்தோடு இடைமுறிவின்றி இணைந்தன. ரப்பரும் வெள்ளீயமும் தெற்கு நோக்கி வந்தன. அரிசியும் துணியும் இயந்திரங்களும் வடக்கு நோக்கிச் சென்றன.

பழைய பாதை நகரச் சாலைகளைப் பல இடங்களில் தரைமட்டத்திலேயே குறுக்கிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது இது பெரும் இடையூறாயிற்று. எனவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பாதையை மேற்காகத் திருப்பி, மேடுகளும் பாலங்களும் அமைத்து, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாருக்குக் கொண்டுசென்றனர். தஞ்சோங் பகார் நிலையம் 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் உருவகிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. இரயில்பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை அச்சிலைகளே சொல்லிவிடுகின்றன.

சிங்கப்பூர் தனி நாடான பின்னரும் இத்தடம் மலேசிய இரயில் நிறுவனத்தின் வசமே இருந்தது. இரு நாட்டு அரசுகளும் 2010ஆம் ஆண்டில் கண்ட உடன்பாட்டின்படி, 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் நிலம் சிங்கப்பூரின் வசமாயிற்று. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. தெற்கே தஞ்சோங் பகார் முதல் வடக்கே உட்லண்ட்ஸ் வட்டாரம் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள வெற்றுத்தடம் எஞ்சியது. அதுவே இன்று நடப்போர்க்கும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் உரிய பசுமை வழியாகச் செப்பனிடப்பட்டுள்ளது.

பாதை எளியதாக இருப்பதன் காரணம்

புக்கிட் தீமா, சிங்கப்பூரின் மிக உயர்ந்த மலை. அதன் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். இம்மலையின் அடிவாரத்தை ஒட்டிச் சென்றாலும், இரயில்தடத்தில் நடப்பவர்க்கு மூச்சு வாங்குவதில்லை. முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நடக்கின்றனர். இதற்கான காரணம் இரயிலின் இயல்பிலேயே அமைந்துள்ளது.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே சமதரையில் பெரும் பாரத்தைச் சிறிய விசையால் இழுக்க இயலும். அதே உராய்வுக் குறைவு, மேடேறும்போது தடையாகிறது. சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். எனவே பொறியாளர்கள் மேட்டை வெட்டித் தாழ்த்தினர். பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தினர். திருப்பங்களை நீண்ட வளைவுகளாக அமைத்தனர். வெட்டிய இடத்தில் இருபுறமும் மண்சுவர் எழும். உயர்த்திய இடத்தில் நாம் மரக்கிளைகளின் மட்டத்தில் நடப்போம். நூறாண்டுகளுக்கு முன் பாரவண்டிக்காகச் செய்யப்பட்ட இந்த வேலை, இன்று நடப்போர்க்குப் பயன்படுகிறது. மாணவர்கள் நடக்கும்போது, தாம் நிற்குமிடம் வெட்டிய இடமா, உயர்த்திய இடமா என்று கணிக்கச் சொல்லலாம். நிலத்தைப் படிக்கும் பயிற்சி அதிலிருந்து தொடங்கும்.

நிலையமும் சாவியும்

நம் நடையைக் கிங் ஆல்பர்ட் பார்க் பெருவிரைவு நிலையத்தின் அருகே தொடங்குவோம். அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய புக்கிட் தீமா இரயில் நிலையம் வரும். சிவந்த செங்கல்லால் கட்டப்பட்ட சிறிய கட்டடம் அது. பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2022 ஜூலை 1ஆம் நாள் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கே தண்டவாளத்தின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்துள்ளனர்.

இவ்வளவு சிறிய நிலையத்துக்கு ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. தடம் ஒற்றை வழியாதலால், எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரே பகுதியில் நுழைந்தால் மோதல் நேரும். அதனைத் தவிர்க்க ஒரு முறை கையாளப்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரு பெட்டிகள் இருக்கும். அவற்றுள் உலோகச் சாவிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குத் திரும்பும்வரை வேறு சாவி எதையும் எடுக்க இயலாது. சாவியைக் கையில் பெற்ற ஓட்டுநர் மட்டுமே அப்பகுதிக்குள் நுழையலாம். சாவியை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, மெல்ல நகரும் வண்டியிலிருப்பவரிடம் நிலைய ஊழியர் நீட்டுவார். அவரோ கை நீட்டிப் பற்றிக்கொண்டு, பழைய சாவியைத் தந்துவிட்டுச் செல்வார். கணினிக் காலத்திலும் புக்கிட் தீமாவில் இக்கைமாற்றம் தொடர்ந்து நடைபெற்றது. பல நூறு உயிர்களின் காப்பு, ஒரு வளையத்தைத் தவறவிடாத கையில் இருந்தது என்பதை மாணவர்கள் அந்நடைமேடையில் நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

1960களில் ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்தபோது, ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுசெல்ல இந்நிலையத்தை ஒட்டி ஒரு கிளைப்பாதை மேற்கே பிரிந்தது. 1990களில் அதன் பயன்பாடு நின்றது. அதன் தடயங்கள் சில, இன்று மரஞ்செடிகளுக்குள் மறைந்து கிடக்கின்றன.

நிலையத்தைக் கடந்து வடக்கே சென்றால் சாலைக்கு மேலே எஃகுச் சட்டப்பாலம் வரும். முக்கோணங்களாகப் பிணைத்த எஃகுச் சட்டங்களே அதன் வலிமை. நாற்கோணச் சட்டத்தை ஒரு மூலையில் அழுத்தினால் சாய்ந்துவிடும்; முக்கோணமோ தன் பக்கங்களின் நீளம் மாறாதவரை வடிவம் மாறாது. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து பாடம் நடத்தத்தக்க இடம் இது. இவ்வகைப் பாலம் இன்னொன்று வடக்கே ரயில் மால் கடைத்தொகுதியின் அருகே உள்ளது.

மலை தந்த கல்

'தீமா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளீயம் என்பது பொருள். ஆனால் இம்மலை நமக்குத் தந்தது வெள்ளீயம் அன்று, கருங்கல்லே. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல இறுகியதால் உண்டான கல் அது. மெல்ல இறுகியதால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பருத்துள்ளன.

பாறையில் துளையிட்டு, வெடி வைத்துப் பிளந்து, பிளந்ததை மேலும் உடைத்து, சலித்துத் தரம் பிரிப்பது கல்லுடைப்புத் தொழில். பெருங்கல் கரைகட்டவும், சிறுகல் சாலையிடவும், தூளாகியது காரை கலக்கவும் பயன்பட்டன. ஜோகூர்த் தரைப்பாலத்துக்குக் கொட்டிய கற்கள், புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் சென்றவை. தண்டவாளத்தின் அடியில் பரப்பும் சல்லிக்கும் கருங்கல்லே சிறந்தது. கூரிய விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் கட்டைகள் நகரா. இடுக்குகள் வழியே மழைநீர் வடிந்துவிடுவதால் மண் இளகாது. உருண்டையான ஆற்றுக்கல்லுக்கு இக்குணம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இக்கற்குழிகளில் வேலை நின்றுபோயிற்று. தடத்திலிருந்து சிறிது விலகிச் சென்றால் ஹிண்டேடு கற்குழியையும், மேலும் வடக்கே சிங்கப்பூர் கற்குழியையும் காணலாம். நீரை வெளியேற்றிக்கொண்டிருந்த எந்திரங்கள் நின்றதும் மழைநீரும் ஊற்றுநீரும் குழிகளை நிரப்பின. மனிதர் ஏற இயலாத செங்குத்துப் பாறைகள் பறவைகளுக்குக் காப்பிடமாயின. அங்கே முக்குளிப்பான் நீரில் மூழ்கி எழுவது காணப்பட்டதுண்டு. வெடிச்சத்தம் எழுந்த இடத்தில் அமைதி நிலவுகிறது. ஆயினும் பாறை முகத்தில் வெட்டின் தடம் மறையவில்லை.

இவ்வட்டாரத்தின் தொழில்கள் கல்லோடு முடியவில்லை. தடத்தின் அருகிலுள்ள பழைய ஃபோர்டு ஆலையில் மோட்டார் வண்டிகள் பூட்டப்பட்டன. அக்கட்டடத்தில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். இன்று அது போர்க்கால வரலாற்றுக் காட்சிக்கூடம். காரைக் குழாய் செய்த ஹியூம் ஆலையின் பெயர், இப்போது ஒரு பெருவிரைவு நிலையத்தின் பெயராக வாழ்கிறது. பால்பண்ணை இருந்த இடம், பால்பண்ணை எனப் பொருள்படும் 'டெய்ரி ஃபார்ம்' இயற்கைப் பூங்காவாயிற்று. அங்கே ஒரு பழைய மாட்டுக்கொட்டில் கல்வி நிலையமாக்கப்பட்டுள்ளது. ஆலை மறைந்தாலும் பெயர் நிலைக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

காடும் தொழிலும்

இயற்கையும் தொழிலும் எப்போதும் பகையாகவே இருந்தன என்று கொள்வது முழு உண்மையன்று. நட்பாகவே இருந்தன என்பதும் உண்மையன்று. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் 1854ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவில் தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவ்வளவும் பெரும்பாலும் ஒரு சிறு காட்டுப் பகுதியிலிருந்தே கிடைத்தன. அதற்கு ஒரு காரணம், அங்கே சீன மரவெட்டிகள் பல ஆண்டுகளாக மரம் அறுத்துவந்ததே என்று அவரே எழுதியுள்ளார். பட்டையும் தூளும் உலர்ந்த கிளைகளும் வண்டுகளுக்கு உணவாயின. ஆயினும் வெட்டு அவ்வாறே தொடர்ந்திருந்தால் வண்டுக்கும் இடமிருந்திராது. தீவின் காடு பெருமளவு அழிந்ததைக் கண்ட பின்னரே, 1880களில் புக்கிட் தீமாவைக் காப்புக்காடாக ஒதுக்கினர்.

இரயில்தடம் வேறு வகையில் இயற்கைக்கு உதவிற்று. தண்டவாளத்தின் இருமருங்கிலும் வீடு கட்ட இயலாது. வேலியும் வடிகாலுமே இருந்தன. நகரம் வளர்ந்து நெருக்கியபோதும் இந்த நீண்ட பட்டை மட்டும் பசுமையாகவே நீடித்தது. காட்டுத் துண்டுகள் தனித்தனியே பிரிந்து கிடந்தால் அவற்றிலுள்ள உயிரினங்கள் தமக்குள்ளேயே இனம் பெருக்கி நலியும். தடம் அத்துண்டுகளை இணைக்கும் நூலாகிறது. காட்டுக்கோழி, சில்லை, மீன்கொத்தி, உடும்பு முதலியவற்றை நடையின்போது காணலாம்.

இங்குள்ள பசுமை அனைத்தும் தொன்மையான காடு என்று மாணவர்க்குச் சொல்லிவிடலாகாது. விரைந்து வளரும் அல்பீசியா மரம் இம்மண்ணுக்கு உரியதன்று, வெளியிலிருந்து வந்தது. இடையிடையே நிற்கும் மாவும் பலாவும் வாழையும், ஒருகாலத்தில் அவ்விடத்தில் கம்பத்து வீடுகள் இருந்தமையைக் குறிக்கின்றன. மரத்தைப் பார்த்து மனிதர் வாழ்ந்த இடத்தை அறியலாம். இதுவும் ஒரு வகை வாசிப்பே.

உழைத்தவர்களும் அவர்தம் சொற்களும்

மலாயாவின் இருப்புப்பாதைகளைப் போடுவதிலும் பேணுவதிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெரும்பங்கு வகித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். குவீன்ஸ்வே வட்டாரத்தில் குடியிருந்த இரயில் ஊழியர்கள் 1930களில் வழிபட்ட சிறு முனியாண்டி கோயிலே, இன்று காமன்வெல்த் டிரைவில் விளங்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம்.

இவர்களுக்கு அகராதி தந்த சொற்கள் போதா, வேலைக்கு ஏற்ற சொற்களைத் தாமே ஆக்கினர், பிறமொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். வண்டிக்கு வழிகாட்டும் மரத்தைக் 'கைகாட்டி' என்றனர். மனிதனைப்போல் கையை உயர்த்தித் தாழ்த்தும் அதன் செயலைக் கண்டு இட்ட பெயர் அது. அதனினும் தெளிவான சொல்லை நாம் இன்று ஆக்க இயலுமா என்பது ஐயமே. கல்லைச் 'சல்லி' என்றனர். சாலையைச் 'சடக்கு' என்றனர். மலாயின் 'கம்போங்' அவர்கள் வாயில் 'கம்பம்' ஆயிற்று. வேலை மேற்பார்ப்பவர் 'கங்காணி' அல்லது 'மண்டோர்' ஆனார். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 'லயம்' எனப்பட்டது. சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று வழங்கினர். அங்கே சுண்ணாம்புத் தொழில் நடந்ததை அப்பெயரே இன்றும் உரைக்கிறது.

'இருப்புப்பாதை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருமுறை நம்மோடு நடந்துவந்த மாணவி ஒருத்தி, "ஐயா, இருப்பு என்றால் இருத்தல்தானே? இங்கே பாதையே இல்லையே!" என்று கேட்டாள். இரும்பு என்பது பாதை என்பதோடு சேரும்போது, மெல்லெழுத்து வல்லெழுத்தாகி இருப்புப்பாதை ஆகிறது. மருந்து, பை என்பன மருத்துப்பை ஆவதுபோல என்று விளக்கினோம். வகுப்பறையில் பலமுறை சொல்லியும் பதியாத விதி, எஞ்சிய தண்டவாளத்தின் அருகே நின்று சொன்னபோது அவள் மனத்தில் பதிந்தது. அவள் கேள்வி எங்களுள்ளும் பதிந்தது. இரும்பு போன பின் இங்கு இருப்பது எது என்பதே அக்கேள்வி. பாலம் இருக்கிறது, நிலையம் இருக்கிறது. அவற்றைக் காக்கச் சட்டம் இருக்கிறது. சொற்களைக் காக்கச் சட்டம் ஏதுமில்லை. அவற்றை அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர்.

நடைக்கு ஆயத்தம்

கிங் ஆல்பர்ட் பார்க் முதல் ரயில் மால் வரையிலான பகுதி நான்கு கிலோமீட்டருக்கு மிகாது. நின்று பார்த்து நடப்பதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கலாம். முடிவில் ஹியூம் பெருவிரைவு நிலையத்திலிருந்து திரும்பலாம். காலை ஏழரை மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிக்க இயலும். தொப்பி, குடிநீர், மழைக்காப்பு, பிடிப்புள்ள காலணி ஆகியவை போதும். இடி மின்னல் இருப்பின் திறந்த வெளியில் நிற்கலாகாது. குரங்குகளுக்கு உணவளித்தலும், உணவுப் பையைத் திறந்து காட்டுதலும் கூடா. கற்குழிகளின் வேலியைத் தாண்டுதல் உயிருக்கே ஊறு விளைக்கும், அந்நீர் ஆழமானது. மிதிவண்டிகள் வருமாதலால் மாணவர்கள் இடப்பக்கமாக வரிசையில் நடத்தல் நன்று.

ஒவ்வொரு மாணவரும் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளட்டும். முதற்பத்தியில் கண்ட பொருள். இரண்டாவதில் அதற்குத் தாம் அறிந்த தமிழ்ச் சொல். மூன்றாவதில் வீட்டு முதியவர் அதற்குச் சொல்லும் சொல். முதலிரு பத்திகளையும் நடையிலேயே நிரப்பலாம். மூன்றாவதை நிரப்ப, தாத்தாவிடமோ பாட்டியிடமோ, அண்டை வீட்டுப் பெரியவரிடமோ அமர்ந்து கேட்க வேண்டும். "நீங்கள் இரயிலில் போனதுண்டா? கல்லுடைப்பில் யாரேனும் வேலை செய்தார்களா? இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?" என்னும் மூன்று கேள்விகளே போதும். விடை மலாய் கலந்ததாயினும், கொச்சையாயினும் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தம் வேண்டுமாயின் அடுத்த பத்தியில் எழுதலாம். சொன்னவர் சொல்லை அழிக்கலாகாது.

பல பள்ளிகளில் இவ்வாறு திரட்டப்படும் சொற்களை ஒன்றுசேர்த்தால், இவ்வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் மொழிக்கு ஒரு சிறு அகராதி உருவாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆசிரியர் ஒருவரின் ஒரு சனிக்கிழமைக் காலையும், முதியவர் ஒருவரின் ஒரு மாலையும் போதும். மலேசிய நண்பர்கள் தத்தம் ஊரிலுள்ள பழைய நிலையத்தையோ ஈயச் சுரங்கக் குட்டையையோ கொண்டு இதனைச் செய்யலாம்.

வரும் பள்ளி விடுமுறைக்குள் ஒரு முறையேனும் மாணவர்களை இத்தடத்திற்கு அழைத்துச் செல்லுமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறோம். மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு சொல் எழுதப்பட்டுத் திரும்பினாலும் அந்நடை பயனுடையதே.